சுல்பா செய்த கொண்டி

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு, சோளகக் காற்று மணலை வாரிக் கூரைகளின்மேல் இறைத்துக்கொண்டிருந்த ஆடி மாதத்தில், சுல்பாவை முதன்முதலாகச் சந்தித்தேன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கு வந்த நான், அங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, என் கணவர் பரமநாதனுடன் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு சிறிய தென்னங்காணிக்குக் குடிவந்திருந்த புதிது அது. சாமான்களை இன்னும் பிரித்து அடுக்கவில்லை. பழுதடைந்த தையல் இயந்திரம் முற்றத்தில் மணல் படிந்து கிடந்தது. தலையை முக்காட்டால் இறுக மூடிய ஒரு பெண், வேலிக்கு அப்பால் நின்று அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரீச்சர், அந்த மெசின் இனி ஓடாதா?”

ஓடாது என்றும், விருப்பமானால் அதை எடுத்துச் செல்லலாம் என்றும் சொன்னேன்.

“முழுசும் வாணாம். அதுக்குள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் இரிக்கி. அது மட்டும் போதும்.”

அயலவர்கள் உப்புக் கேட்டு வந்திருக்கிறார்கள். தீப்பெட்டி கேட்டு வந்திருக்கிறார்கள். கம்பிச்சுருள் கேட்டு வந்த அயலவளை நான் அன்றுதான் கண்டேன். எதற்கென்று கேட்டபோது, வெடிக்கு என்றாள். என் கணவர் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தாழ்த்தினார்.

எங்கள் காணியை அடுத்து அவர்களுடைய கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டம் இருந்தது. விதைகள் முளைவிடும் நாட்களில் மயில்கள் கூட்டமாக இறங்கி, ஒரு நிரையையும் மிச்சம் வையாமற் கிளறிவிட்டுப் போய்விடும். அவற்றைக் கொல்வதற்குச் சட்டம் இடந்தராது. சுல்பாவுக்கு மனமும் இல்லை. அயலிலே சிலர் குழாய்க்குள் காபைட்டுக் கல்லைப் போட்டு, நெருப்பு வைத்து வெடிக்கச் செய்வார்கள். அப்படி ஒருவருக்குப் புருவம் கருகியதைப் பார்த்தபின், நெருப்பே இல்லாத வெடிதான் வேண்டுமென்று அவள் பிடிவாதமாக நின்றாளாம். அவளுடைய கணவர் ஜபார் பாலாவி உப்பளங்களில் உப்பேற்றும் லொறியின் சாரதி. அவர் பழைய இரும்புக் கடையொன்றிலிருந்து ஒரு தாங்கியையும் அகன்ற குழாயையும் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தார். உள்ளே சைக்கிள் பம்பினாற் காற்றை அடைப்பார்கள். வாயை மூடியிருக்கும் தட்டு சட்டென்று திறந்தால், அடைபட்ட காற்று பெருஞ்சத்தத்தோடு வெளியே பாயும். அதற்குள் குண்டும் இல்லை; மருந்தும் இல்லை. சத்தம் மட்டுமே.

“உங்கட சாமிட வாகனம் எண்டு தெரியும், ரீச்சர். அடிக்க மாட்டன். வெருட்டத்தான்” என்று அவள் எனக்கு உறுதி கூறினாள்.

“வாகனத்தைக் கண்ட இடத்தில நிப்பாட்டிப்போட்டுப் போனது முருகன்ர பிழை, பிள்ளை. நீர் வெருட்டும்” என்றார் என் கணவர்.

அன்றே அவர் திருப்புளியை எடுத்துக் கம்பிச்சுருளைக் கழற்றிக் கொடுத்தார்.

காற்றை அடைத்து வெடிக்கச் செய்யும் பகுதி ஜபாரின் கையால் முடிந்துவிட்டது. ஆனால் ஜபார் காலையில் லொறியேறிப் போய்விடுவார். மயில்களோ, அவள் குசினியில் அடுப்போடு மல்லுக்கட்டும் வேளை பார்த்துத்தான் வரும். தட்டைப் பிடித்துவைத்திருக்கும் கொண்டி, அவள் அங்கே இல்லாதபோது, அவள் நினைத்த நேரத்தில், தானாகவே விடுபட வேண்டும். சுல்பாவை ஆண்டு முழுவதும் ஆட்டிப்படைத்தது இந்த ஒரு கேள்விதான்.

முதலிற் குசினி யன்னலிலிருந்து தோட்டம்வரை கயிறு கட்டினாள். கற்பிட்டிப் பக்கத்தில் உரிமையாளர் இல்லாமல் உலாவும் கழுதைகளில் ஒன்று அந்தக் கயிற்றிற் காலை மாட்டிக்கொண்டது, வெடி எழுந்தது, கழுதை வேலியையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் வளவுக்குள் ஓடிற்று. அடுத்ததாகக் காற்றிற் சுழலும் ஒரு தகட்டைப் பொருத்தினாள். சோளகம் அடித்த அடியில், காற்றை அடைத்து முடிப்பதற்குள்ளேயே அது கொண்டியைத் தட்டிவிட்டது. மூன்றாவதாக அவள் கண்டுபிடித்ததுதான் தண்ணீர்ப் பேணி. கொண்டியின் வாலில் வெறுமையான ஒரு பால்மாத் தகரப் பேணியைத் தொங்கவிட்டு, அதற்குள் குழாயிலிருந்து துளித்துளியாகத் தண்ணீர் சொட்டச் செய்தாள். பேணி நிறையும், பாரம் கூடும், தாழும், கொண்டி விடுபடும், கம்பிச்சுருள் தட்டைப் பின்னே இழுக்கும். சொட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வெடிக்கும் நேரத்தை அவள் தீர்மானித்தாள். பேணியின் அடியில் ஈரமணலைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு அவள் நிறை சரிபார்ப்பதை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். முகத்துப்பவுடர் பூசும் பெண்ணின் கவனம் அதில் இருக்கும்.

அது முதன்முதலிற் பிசகாமல் வெடித்த நாளன்று, அவள் என் குசினியிற் கதிரையொன்றில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து மெல்லச் சிரித்தாள்.

“நான் இங்க இரிக்கன், அங்க வெடிக்கி. பாத்தீங்களா ரீச்சர், என்ட கொண்டி சொல்லுக் கேக்கிது.”

ஆனால் ஊருக்கு அது ஜபாரின் வெடியாகத்தான் தெரியவந்தது. அப்படித் தெரியட்டும் என்று விரும்பியவளும் அவளே. மகள் இல்மாவுக்குக் கரைத்தீவிலிருந்து கலியாணம் பேசிவந்த காலம் அது. வெடி கட்டுகிற உம்மாவின் மகள் என்று யாரும் பகிடி பண்ணிவிடக்கூடாதென்று அவள் அஞ்சினாள். யாராவது கேட்டால் தம்முடையது என்றே சொல்லும்படி கணவரிடம் வேண்டிக்கொண்டாள். ஜபாருக்குப் பொய் வராது. கேட்டவர்களுக்குச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்தச் சிரிப்பை ஊர் ஆமென்று எடுத்துக்கொண்டது. இல்மாவின் கலியாணமும் ஒரு குறையுமின்றி நடந்தது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு நோன்பு மாதம், பொருளாதார நெருக்கடியில் நாடு இருண்டு கிடந்தபோது வந்தது. மாலைகளில் மின்சாரம் இராது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் கிடையாது. பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஊமையாயிற்று. முன்னைய காலத்தில் நோன்பு திறக்கும் வேளையை அறிவிக்கப் பள்ளிவாசலில் வெடி போடும் வழக்கம் இருந்ததாம். ஈஸ்டர் ஞாயிற்றுத் தாக்குதல்களுக்குப் பின்னர், வெடிமருந்து என்ற சொல்லை உச்சரிக்கவே ஊர் அஞ்சியது. பாங்கு சொல்லும் மோதினார் தொண்டை கிழியக் கூவினாலும் நான்கு வளவுகளுக்கு அப்பால் கேளாது. ஆகவே பள்ளிவாசல் நிருவாகத்தின் தலைவர் றாசிக் மரைக்கார் ஒருநாள் ஜபாரின் வாசலுக்கு வந்தார். மருந்தில்லாத வெடி என்பதைப் பொலிஸ் நிலையத்திலும் சொல்லிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“ஜபார், உன்ட காத்துவெடிய ஊருக்குத் தாவன். மயிலுக்கு மட்டுமா அல்லாஹ் உனக்கு மூளைய தந்தான்?”

ஜபார் வழக்கம்போலச் சிரித்தார். யோசித்துச் சொல்வதாகக் கூறி, உள்ளே வந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுல்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தான் செய்த ஒன்றின் சத்தத்துக்கு ஊரே காதுகொடுத்துக் காத்திருக்கும் என்ற எண்ணம் அவளை விடவில்லை. இதனை அவளே பின்னர் எனக்குச் சொன்னாள்.

ஏற்பாடு எளிதானது. பகலில் மயில்களுக்கு வெடித்தபின், அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு மறுபடி காற்றை அடைத்து வைப்பார்கள். சூரியன் மறைந்ததும் மோதினார் பள்ளிவாசலின் பின்மதிலோரம் வந்து வெள்ளைத் துணியை அசைப்பார். ஜபார் தோட்டத்தில் நின்று கொண்டியைக் கையால் தட்டிவிடுவார். மாலை வெடிக்குப் பேணியால் வேலை இல்லை. அதைக் கழற்றி வைத்துவிடு என்று அவர் தொடக்கத்திலேயே சொன்னார். சுல்பா கேட்கவில்லை. இரண்டாம் விதைப்புப் போட்டிருந்த காலம். பகலில் மயில்களுக்குப் பேணி தேவைப்பட்டது. ஒவ்வொரு மாலையும் கழற்றினால், மறுநாட்காலை மணலைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு நிறையை மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஆதலால், சொட்டும் குழாயை மாத்திரம் மூடிவிட்டுப் பேணியை அதன் இடத்திலேயே விட்டுவைத்தாள். தண்ணீர் விழாவிட்டால் பேணி வெறும் பேணிதானே என்றாள்.

முதல் நாள் வெடி எழுந்தபோது ஊர் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டதைப்போல இருந்தது. எங்கள் வீட்டுக்கு நோன்புக்கஞ்சி கொண்டுவந்த ரம்ஸியா, ஜபாரைப் புகழ்ந்து ஓயவில்லை. ரம்ஸியா அடுத்த வளவுக்காரி; புகழ்ந்தாலும் ஏசினாலும் ஊருக்குக் கேட்கும்படிதான் செய்வாள். அருகில் நின்ற சுல்பா தலையைக் குனிந்து தன் முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அன்று அந்தப் பெண் அனுபவித்த மகிழ்ச்சியை நான் கண்டேன். அதற்கு அவள் பின்னாற் செலுத்திய விலையையும் கண்டேன்.

நோன்பு பாதியைத் தாண்டிய ஒருநாள், பிற்பகலிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. அஸருக்குப் பின்னர் ஒரு பாட்டம் மழை பெய்து நின்றது; தென்னோலைகளிலிருந்து மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கஞ்சி வாங்கச் சுல்பா என்னை அழைத்திருந்தாள். அவர்களுடைய குசினி வாசலில் நான் அமர்ந்திருந்தேன். பொழுது எங்கே நிற்கிறதென்று யாருக்கும் தெரியாத மங்கல். சுல்பா கோப்பைகளைப் பாயிற் பரப்பிக்கொண்டிருந்தாள். ஜபார் கிணற்றடியிற் கைகால் கழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போவதற்காகக் குசினி வழியாக வந்து, ஈரக்காலோடு அவளெதிரே நின்றார். துவாயைக் கேட்டு அவர் கையை நீட்டிய அந்தக் கணத்தில் வெடித்தது.

அடுத்த வீட்டில் ரம்ஸியா நோன்பு திறக்கும் துஆவை உரக்க ஓதியது கேட்டது. கோப்பைகளில் அகப்பைகள் மோதும் ஓசை வளவுக்கு வளவு எழுந்தது. நாங்கள் இருந்த குசினியில் மட்டும் ஒருவரும் அசையவில்லை. கொண்டியைத் தட்டவேண்டியவர் துவாய்க்குக் கை நீட்டியபடி நின்றார். சுல்பா அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள். பின்பு தோட்டத்தின் பக்கம் பார்த்தாள்.

“மழை” என்றாள் கடைசியில். “பேணிக்குள்ள மழை விழுந்திட்டு.”

ஜபார் ஈரக்காலோடு பள்ளிவாசலை நோக்கி ஓடினார். மோதினாரும் வெள்ளைத் துணியைக் கையிற் பிடித்தபடி தெருவில் இறங்கி, இன்னும் நேரமாகவில்லை என்று கத்திக்கொண்டு ஓடியதாகப் பின்னர் அறிந்தேன். ஒலிபெருக்கியில்லாத ஊரில் ஒரு கிழவரின் குரல் எவ்வளவு தூரம் போகும்? அதற்குள் எல்லாருடைய தொண்டையிலும் கஞ்சி இறங்கிவிட்டது. அப்பொழுது மேற்கே, கடற்பக்கத்தில், மேகம் கிழிந்தது. தென்னைகளுக்கு இடையில் சூரியன் முழுவட்டமாகத் தெரிந்தது. அதன் ஒளி ஒவ்வொரு வாசலிலும் விழுந்தது. கோப்பையை ஏந்திய கைகளிலும், பாதி தின்ற பேரீச்சம்பழங்களிலும் விழுந்தது. ரம்ஸியா தன் வாசலுக்கு வந்து, வாயிலிருந்ததைக் கைக்குள் உமிழ்ந்துவிட்டு, அந்தக் கையோடு அப்படியே நின்றாள். நான் நோன்பிருந்தவள் அல்லள். எனினும் என் முன்னாலிருந்த கஞ்சியைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.

சுல்பா குசினிச் சுவரோடு சாய்ந்து முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டாள். சூரியன் உண்மையாக மறையும்வரைக்கும், மறைந்த பின்னரும், அவள் அதை நீக்கவில்லை. அன்று ஊரில் முறைப்படி நோன்பு திறந்திருக்கக்கூடியவர்கள் மோதினாரைத் தவிர அவளும் ஜபாரும் மாத்திரமே. அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததையும் நான் காணவில்லை.

பள்ளிவாசலில் நடந்ததை ஜபார் தாமாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கூடியிருந்த கூட்டத்தின் நடுவில் அவர் எழுந்து நின்று, தம் கை தவறிக் கொண்டியில் பட்டுவிட்டதாகக் கூறி மன்னிப்புக் கேட்டார். பொய் வராத மனிதர், நோன்பு நாளில், பள்ளிவாசலுக்குள் நின்று அந்தப் பொய்யைச் சொன்னார். மௌலவி இளகிய மனத்தினர். அறியாமல் நேர்ந்ததற்குப் பாவமில்லை. ஆனால் அன்றைய நோன்பு செல்லாது. எல்லாரும் பின்னர் ஒருநாள் களாச் செய்து, அதாவது ஈடாக நோற்று, நிறைவேற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒருவரும் ஜபாரை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஊர் வேறு வகையில் தண்டித்தது.

மறுநாள் ரம்ஸியா வேலிக்கு மேலாகக் கேட்டாள்: “சுல்பா ராத்தா, உங்கட வீட்டுச் சூரியன் இன்டைக்கு எப்ப மறையும்?”

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நேரம் முந்தி வந்தவனிடம், ஜபாரின் சூரியனைப் பார்த்துப் புறப்பட்டாயா என்றார்கள். பஸ் முந்திப் போய்விட்டால், ஜபார்தான் விசில் ஊதினாரோ என்றார்கள். பள்ளிவாசலில் மாலைதோறும் கஞ்சி அள்ளி ஊற்றுவது நெடுநாளாக ஜபாரின் பொறுப்பு. அகப்பையை ஒருநாள் வேறொருவர் வாங்கிக்கொண்டார். இளைப்பாறட்டும் என்று சொல்லித்தான் வாங்கினார்களாம். அதன்பின் ஜபார் கடைசி வரிசையில் நின்று தொழுதார். பெருநாள் கழிந்ததும் வெள்ளிக்கிழமைகளிற் பாலாவியிலேயே தொழுதுவிட்டு வரத் தொடங்கினார்.

வெடியை அவர் கழற்றிக் குழாயையும் தாங்கியையும் மாட்டுக் கொட்டிலுக்குள் போட்டார். மயில்கள் அந்த ஆண்டுக் கச்சானை முழுமையாகத் தின்றன. இருவரில் ஒருவரும் அவற்றைத் துரத்தவில்லை.

தான்தான் காரணம் என்பதை ஊருக்குச் சொல்லிவிடத் துடித்துக்கொண்டிருந்தாள் சுல்பா. மரைக்காரின் வீட்டுக்குப் போவதற்காக இரண்டு முறை உடுத்திக்கொண்டு புறப்பட்டவளை ஜபார் வாசலில் மறித்தார். இரண்டாம் முறை என் முன்னிலையிலேயே மறித்தார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

“நான் பள்ளிக்குள்ள நின்டு சொல்லிட்டன், சுல்பா. இப்ப நீ போய் உண்மையச் சொன்னா, நான் கைபிழைச்சவன் இல்ல, பொய் சொன்னவன். எது எனக்கு லேசு எண்டு நீயே சொல்லு.”

அவள் உடுத்திய உடுப்போடு வாசற்படியில் அமர்ந்தாள். அவரைக் காப்பாற்றுவதற்கு அவளிடம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதுவே அவரை இன்னும் கீழே தள்ளும். நான் வேண்டுமானால் மரைக்காரிடம் பக்குவமாகப் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று இருவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். ஒரே நேரத்தில் அவர்கள் செய்த காரியம் அந்த நாட்களில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெருநாள் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன்னரே, தெருமுனையில் வசித்த மபாஸா என்ற மூதாட்டி காலமானார். நடக்கவியலாத நிலையிலும் அந்த ஆண்டு ஒரு நோன்பையும் விடாமற் பிடித்தவர். விடுபட்ட அந்த ஒரு நாளை ஈடுசெய்வதற்குமுன் உயிர் பிரிந்துவிட்டது. உம்மாவுக்காகத் தாமே ஒருநாள் நோற்பதாக அவருடைய மக்கள் சொன்னார்கள். மார்க்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. அவர்கள் மனக்குறையும் கொள்ளவில்லை. ஆனால் மையித்து வீட்டிலிருந்து திரும்பிவந்த சுல்பா, என் முற்றத்தில் நின்று, உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள்.

“அந்த மனிசி அல்லாஹ்க்கிட்ட ஒரு நாளக் குறையாக் கொண்டு போயிட்டா, ரீச்சர். என்ட பேணியால.”

அந்த நாட்களில் அவள் வாரந்தோறும் நோன்பிருந்தாள். அவளாற் பிறருடைய நோன்பை ஈடுசெய்ய இயலாது என்பதை மௌலவியின் மனைவி சொன்னதாகவும், அது தனக்கும் தெரியுமென்றும் ஒருமுறை கூறினாள். பிறகு ஏன் உடம்பை வருத்துகிறாய், பிள்ளை, என்று கேட்டேன். சும்மா இருக்க இயலவில்லை என்றாள்.

அவளை அதிகமாக வருத்தியது எதுவென்று நான் நினைத்திருந்தேனோ, அதுவன்று. ஊரின் பேச்சும், கணவரின் தாழ்ந்த தலையும் ஒருபுறம் இருக்க, அவளுடைய மனம் ஓயாமல் அந்தக் கொண்டியையே திருத்திக்கொண்டிருந்தது. அவரைக்காய் நறுக்கும்போது கத்தி நின்றுவிடும். என்னவென்று கேட்டால், கூசிக் கூசிச் சொல்வாள்: பேணிக்கு ஒரு மூடி போட்டிருக்கலாம், அடியில் ஓர் ஊசித்துளை இட்டிருக்கலாம், அவை எல்லாவற்றையும் விட, கொண்டிக்குக் குறுக்கே ஓர் ஆணியைச் செருகி வைத்திருந்தால், பேணியில் கடலே நிறைந்தாலும் வெடித்திராது. வெறும் ஓர் ஆணி. வீட்டில் ஒரு டப்பா நிறைய ஆணி இருந்தது. ஆணியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவளுக்கு வெட்கம் மேலிட்டுவிடும். இவ்வளவு நடந்தபிறகும் இதையே யோசிக்கிறேனே என்று தன் நெற்றியிற் கையால் அடித்துக்கொள்வாள். செய்கிறவர்களின் மனம் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அவள் அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை.

காலம் ஊரின் பகிடியை ஓரளவு தேய்த்தது. மின்சாரம் வந்தது, ஒலிபெருக்கி மீண்டும் பேசிற்று. எனினும் ஜபார் முன்வரிசைக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு நோன்பு மாதம் வரும்போதும் யாராவது ஒருவர், இந்த முறை வெடி இல்லையா, ஜபார் காக்கா, என்று கேட்பார். அவர் சிரிப்பார். முன்னைய சிரிப்பு அன்று அது. வேலிக்கு இப்பால் நின்ற எனக்கே அதைப் பார்க்க மனம் கூசும். வீட்டுக்குள் இருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு வாடைக்காற்றுத் தொடங்கிய காலத்தில் சுல்பாவுக்கு வயிற்றில் நோய் கண்டது. கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். வெட்டித் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள் என்று இல்மா அழுதாள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் நான் நாள்தோறும் போய் அவளருகில் அமர்ந்திருந்தேன். உடம்பு பாயோடு பாயாகிவிட்டது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. ஜபார் லொறி வேலையை விட்டுவிட்டுத் தலைமாட்டிலேயே இருந்தார். கஞ்சியை வடித்துக் கரண்டியால் ஊட்டுவார். பிறகு என்னோடு அவளை விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவுவார்.

அப்படி அவர் எழுந்துபோன ஒரு காலையில், சுல்பா என் கையைப் பிடித்தாள். மையித்தைச் சந்தூக்கு என்னும் பெட்டியிற் பள்ளிவாசலுக்குச் சுமந்துசென்று, அடக்கப் புறப்படுமுன், இறந்தவரின் சார்பில் உரியவர் ஒருவர் நின்று கூட்டத்திடம் பிழைபொறுக்கக் கேட்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. இறந்தவர் யாருக்கேனும் தீங்கு செய்திருந்தால், கடன் வைத்திருந்தால், அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார்கள். தனக்காக நிற்கப்போகிறவர் ஜபார்தான். அந்த நேரத்தில், வெடியின் கொண்டியைச் செய்தவள் இவள், பேணியைக் கழற்றாமல் விட்டவள் இவள் என்பதையும் சேர்த்து அவர் சொல்லவேண்டும் என்றாள். உயிரோடிருக்கையிற் சொன்னால் அவர் பொய்யராவார். மையித்தின்முன் நின்று சொன்னால், மனைவியின் குற்றத்தை மூடிய மனிதர் என்பதற்குமேல் ஊர் ஒன்றும் சொல்லாது. இரண்டரை ஆண்டுக்கு மேலாக யோசித்து அவள் கண்டுபிடித்த வழி அது.

இதை நீயே அவரிடம் சொல்லலாமே என்றேன். சொன்னாளாம். அவர் காதைப் பொத்திக்கொண்டாராம்.

“நீங்க சொன்னாக் கேப்பார், ரீச்சர். உங்களுக்கு மறுக்க மாட்டார்.”

சொல்வதாக வாக்களித்தேன். அவள் கண்ணை மூடினாள். உறங்கிவிட்டாள் என்றெண்ணி நான் கையை மெல்ல விடுவிக்க முயன்றபோது, விரல்கள் மீண்டும் இறுகின. கண்ணைத் திறக்காமலே பேசினாள். அதற்குப்பின் அவள் எவரிடமும் எதையும் கேட்கவில்லை.

“பள்ளியில வெச்சுச் சொன்னா ஆம்புளையளுக்கு மட்டும்தான் கேக்கும். நோன்பு பொம்புளையளுக்கும்தானே போச்சு. சந்தூக்கத் தூக்க முதல், எங்கட வாசல்ல நின்டு சொல்லச் சொல்லுங்க. ரம்ஸியாக்கும் கேக்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க.”